வண்ணார்பேட்டையில் சம்பா: மர்க்கட நெறியும் மார்ஜார நெறியும்

தலைப்பைப் பார்த்து நெல் ஆராய்ச்சி என்று வந்த வேளாண் அறிஞர்கள் இத்துடன் விடைபெறலாம். ஆய்வுப்பொருள், லினக்ஸ் கணினியில் கிடக்கும் கோப்புகளை விண்டோஸ் கணினிகளும் எடுத்துப் புழங்க வழிசெய்யும் ‘சம்பா’ என்ற சர்வர் மென்பொருள். 1991 டிசம்பரில், ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், நெட்வொர்க் கம்பியில் போகிற வருகிற பேச்சை ஒட்டுக்கேட்டே இதன் முதல் வடிவத்தை எழுதத் தொடங்கினார். ஒட்டுக்கேட்டல் ஆய்வு முறையாக அங்கீகாரம் பெற்ற அரிய தருணம் அது.

சம்பாவை நிறுவ இரண்டு வழி. மூலநிரலை இறக்கி ‘கான்ஃபிகர்’, ‘மேக்’, ‘மேக் இன்ஸ்டால்’ என்று நாமே கட்டிக்கொள்வது ஒன்று. டெபியன்காரர்களோ சூசேகாரர்களோ கட்டிவைத்த பேக்கேஜை ஒரே கட்டளையில் போட்டுக்கொள்வது மற்றொன்று. இரண்டில் எது மேல்?

வண்ணார்பேட்டை இருக்கும் தாமிரபரணிக் கரைக்கு இது புதிய சர்ச்சையல்ல. குரங்குக்குட்டி தன் முயற்சியால் தாயைப் பற்றிக்கொள்ளும். அது வைணவத்தில் வடகலையாரின் மர்க்கட நியாயம். பூனைக்குட்டி சும்மா கிடக்கும், தாயே கவ்விக்கொண்டு போகும். அது தென்கலையாரின் மார்ஜார நியாயம். மூலநிரல் குரங்கு, பேக்கேஜ் பூனை. தென்கலையின் பேராசாரியரான மணவாள மாமுனிகளின் ஆழ்வார்திருநகரி இதே ஆற்றங்கரையில் இருப்பதால், இவ்வூரார் இயல்பாகவே பேக்கேஜ் பக்கம் சாய்வர் என்பது நமது கருதுகோள். களத்தில் இறங்கியதும் அது பொய்த்தது.

அரசாங்கம் என்னவோ பூனைதான். தமிழக அரசின் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியபோதும் சரி, 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினியில் சென்னை சி-டாக்கின் பாஸ் லினக்ஸ் வந்தபோதும் சரி, கட்டிவைத்த பொட்டலமே வந்தது. எதிர்ப்புறம் நின்றவர்கள் பொறியியல் முடித்த நம் பையன்கள். அவர்களிடம் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2012 டிசம்பர் 11 அன்று வெளியான சம்பா 4.0, ஆக்டிவ் டைரக்டரி டொமைன் கன்ட்ரோலராகவே வேலை செய்தது. பேக்கேஜில் அப்போது பெரும்பாலும் பழைய 3-தான். ஆனால் அந்தக் காலம் மின்வெட்டுக் காலம். நம் கூடங்குளம் உலை மின்கட்டத்தில் இணைந்ததே 2013 அக்டோபரில். கரண்ட் போனால் ‘மேக்’ நிற்கும். வந்ததும் மறுபடி கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இவ்வளவு பொறுமையை வேறெந்த மென்பொருளும் கேட்டு நான் கண்டதில்லை.

இனி தரவு. களம், வண்ணார்பேட்டையில் ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சகம். டிசைன் ஃபைல்கள் எல்லாம் ஒரு லினக்ஸ் சர்வரில். ஒரு பையன் மூலநிரலிலிருந்து சம்பா 4.0-வைக் கட்டிக்கொடுத்துவிட்டுச் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டான். சிலகாலம் கழித்து வந்த இன்னொருவன், உள்ளே ஏற்கெனவே ஒன்று இருப்பது தெரியாமல், அதன் மேலேயே பேக்கேஜையும் போட்டுவிட்டான்.

முன்னது ‘யூஎஸ்ஆர் லோக்கல் சம்பா’ ஃபோல்டரில் குடியிருந்தது. பின்னது ‘இடிசி சம்பா’வில் இருக்கும் அமைப்புக் கோப்பைப் படித்தது. கடவுச்சொல் பட்டியலும் தனித்தனி. ஆனால் விண்டோஸ் கணினிகள் வந்து தட்டும் 445-ஆம் போர்ட் ஒன்றே ஒன்று. கரண்ட் போய் வந்த காலையில் எது முந்தி எழுந்ததோ அதற்கே அந்த இடம். பிந்தியது வெறுங்கையோடு திரும்பும். ஒருநாள் ஃபோல்டர் தானாகத் திறக்கும், மறுநாள் பாஸ்வேர்டு கேட்கும், கொடுத்தாலும் ஏற்காது. “நேத்து நல்லாத்தானடே இருந்துச்சு” என்ற முதலாளியின் கூற்றை ஆய்வாளர் முதன்மைத் தரவாக ஏற்கிறார்.

2017 மே மாதம் சம்பாவில் ஒரு பெரிய ஓட்டை வெளியானது. எழுத அனுமதியுள்ள ஃபோல்டர் வழியாகச் சர்வரையே கைப்பற்றலாம்; 3.5.0 முதல் எல்லாப் பதிப்பிலும் இருந்தது. பூனையார் உடனே திருத்திய பேக்கேஜை அனுப்பிவிட்டார். ஒரு கட்டளையில் ஏறியது. குரங்கார் அப்படியே தொங்கினார், ஏனென்றால் அவரைக் கட்டியவன் வேளச்சேரியில் இருந்தான். ஆக, அவ்வச்சகத்தின் பாதுகாப்பு அன்றன்றைய மின்தடையைப் பொறுத்தது.

என் துணிபு பேக்கேஜ் பக்கமே. மூலநிரலில் கட்டியவன் கூடவே இருந்து புதுப்பிப்பான் என்றால் பேசலாம். நம் ஊரில் கட்டுகிறவன் எல்லாம் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிறவன்.

சம்பாவின் சர்வர் நிரலான ‘எஸ்எம்பிடி’யோடு ‘மைனஸ் பி’ சேர்த்துக் கொடுத்தால், அந்தச் சம்பா எந்தக் கோப்பைப் படிக்கிறது என்று அதுவே ஒப்புக்கொள்ளும். இரண்டையும் கேட்டோம், இரண்டும் ஒப்புக்கொண்டன. குரங்கார் ஒரே ஃபோல்டரில் அடங்கியிருப்பதால் அழிப்பது எளிது, அழித்துவிடலாமா என்று முதலாளியைக் கேட்டேன்.

“ஆவணி முகூர்த்தம் முடியட்டும் தம்பி. அதுவரைக்கும் ரெண்டும் கெடந்துட்டுப் போகட்டும்” என்றார் அண்ணாச்சி.