கண்டிச் சீமையில் காட்டு விடுதி திறப்பது எப்படி?

தென்னாபிரிக்காவில் க்ரூகர் தேசியப் பூங்காவை ஒட்டி சபி சாண்ட் என்றொரு தனியார் வனம் இருக்கிறது. 1993இல் இரண்டுக்கும் நடுவிலிருந்த வேலியைக் கழற்றிவிட்டார்கள். சிங்கமும் யானையும் யாருடைய காணி என்று கேளாமல் போய் வருகின்றன. அதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, கண்டிப் பக்கம் பாட்டன் விட்டுப்போன நாலு ஏக்கர் சரிவில் நாமும் ஒரு காட்டு விடுதி தொடங்கலாமே என்று தோன்றுகிறதா? தாராளமாகத் தொடங்குங்கள். காடு இல்லையே என்ற தயக்கம் வேண்டாம்.

பலகையில் ‘இகோ’ என்று இருந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்கு நக்கிள்ஸ் மலை இருக்கிறது. 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய மலை. திகனையிலோ குண்டசாலையிலோ மேகம் விலகிய காலையில் அது தெரியும். தெரிந்தால் போதும், ‘உலக மரபுரிமை வனத்தின் மடியில்’ என்று எழுதிவிடலாம். எத்தனை கிலோமீற்றர் என்று மட்டும் எழுதாதீர்கள்.

பிறகு சரிவை வெட்டிக் கண்ணாடி அறைகளும், விளிம்பு தெரியாத நீச்சல் தடாகமும் கட்டுங்கள். தண்ணீருக்கு ஓடையைத் திருப்பலாம். அறைக்குள் ‘துவாயைத் தினமும் தோய்க்கத் தராமல் பூமியைக் காப்போம்’ என்று ஓர் அட்டை வைத்தால் கணக்குச் சரியாகிவிடும். 2025 நவம்பரில் டித்வா புயலோடு இந்த மாவட்டத்து மலைகள் சரிந்த கதையை விருந்தினர் முன் எடுக்க வேண்டாம்.

மலை முழுதும் தேயிலையாக இருக்கிறதே, காடு எங்கே என்று சிலர் கேட்பார்கள். காட்டை அழித்துக் கோப்பி போட்டதும், 1869இல் இலைநோய் வந்து அது அழியத் தொடங்கியதும், 1867இலேயே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்டுக் காட்டிய தேயிலை அந்த இடத்தைப் பிடித்ததும் பெரிய கதை. அதில் டெய்லரை மட்டும் சொல்லுங்கள். தாடி வைத்த வெள்ளைக்காரர், படமும் கிடைக்கும். தோட்ட வேலைக்காக மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து வந்தவர்களும், பாதி வழியில் வாந்திபேதியில் விழுந்தவர்களும் மாலைத் தேநீருக்குத் தோதானவர்கள் அல்லர்.

அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இருக்கும் லயம் உங்கள் காணிக்குக் கீழே தெரிந்தால், மூங்கில் நடுங்கள். சீக்கிரம் வளரும். ஆனால் கொழுந்து பறிக்கும் பெண்களை மறைத்துவிடாதீர்கள். வேலை நேரத்தில் அவர்கள் இயற்கைக் காட்சி. பொழுது சாய்ந்து கூரைத் தகரம் ஒழுகுகிறது என்று பேசத் தொடங்கும்போதுதான் தொந்தரவு.

இனி விலங்கு. யானை உங்களிடம் இல்லை. நாற்பது கிலோமீற்றர் தள்ளிப் பின்னவலையில் 1975இல் தொடங்கிய அரசாங்க யானை அநாதை இல்லம் இருக்கிறது. கூட்டம் மகா ஓயாவில் குளிக்கும்போது படமெடுத்து வந்து உங்கள் இணையப் பக்கத்தில் போடலாம். படத்தில் சங்கிலி விழுந்திருந்தால் வெட்டிவிடுங்கள்.

சிறுத்தைக்கு இந்தச் சிரமம் இல்லை, தேயிலை மலைகளில் அது உண்மையாகவே நடமாடுகிறது. விருந்தினர் கண்ணில் பட்டால் ஐந்து நட்சத்திரம். லயத்து நாயைத் தூக்கினால் அதன் பெயர் ‘மனித–வனவிலங்கு மோதல்’, அதற்குத் தனியாக ஒரு கருத்தரங்கு நடக்கும். காட்டுப்பன்றிக்கு வைக்கும் கம்பிச் சுருக்கைப் பற்றி வாய் திறக்க வேண்டாம். 2020 மே மாதம் நல்லதண்ணியில் ஒரு கருஞ்சிறுத்தை அப்படிச் சுருக்கில் மாட்டித்தான் பிறகு செத்தது. உயிர் பிழைத்திருந்தால் எத்தனை அறை நிரம்பியிருக்கும்!

வாக்குத் தவறாமல் காட்டக்கூடிய காட்டுயிர் ஒன்றே ஒன்றுதான், அட்டை. மழை விழுந்த மறு நிமிடம் அதுவே தேடி வரும். கட்டணத்தில் சவர்க்காரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. விருந்தினரை உடவத்தகலைக்குக் கூட்டிப் போகாதீர்கள். தலதா மாளிகைக்குப் பின்னாலேயே, ஏறத்தாழ 104 ஹெக்டெயரில், அரசர் காலத்திலிருந்து நிற்கும் காடு. 1938இலிருந்து சரணாலயம். ராட்சதக் கொடியும் குரங்கும் பறவையுமாக ஒரு டிக்கெட்டில் எல்லாம் கிடைக்கும். அதைப் பார்த்து வந்தவர், உங்கள் மூங்கிலுக்கு ஏன் இரவொன்றுக்கு இத்தனை டொலர் என்று கேட்டுத் தொலைப்பார். போக வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தால், மழையில் மரம் விழுந்து பாதை மூடியிருக்கிறது என்று சொல்லுங்கள். கண்டியில் அதை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.