குறிப்பு நோட்டு

கேள்வி: என் கீழ் வேலை பார்ப்பவர்களைப் பற்றி ரகசியமாகக் குறிப்பெழுதி வைக்கலாமா?

பதில்: எழுதுங்கள், ஒளிக்காதீர்கள். எல்லைச் சாலை அமைப்பின் பொறியாளர் தேவ் தத்துக்கு மேலதிகாரி போட்ட மதிப்பீடு 'நன்று'. பதவி உயர்வுக்கு வேண்டியதோ 'மிக நன்று'. பாராட்டே காலை வாரியது. அவருக்கோ அதைச் சொல்லவே இல்லை! நல்லதோ கெட்டதோ, அரசு ஊழியரைப் பற்றிய ஒவ்வொரு பதிவையும் அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் நோட்டிலும் 'பொறுப்பில்லாதவர்' என்ற ஒற்றைச் சொல் மதிப்பீடு வேண்டாம். 'செவ்வாய் காலை 10.40-க்கு வந்தார், சாவி அவரிடம் இருந்ததால் ஏழு பேர் வாசலில் நின்றார்கள்' என்று எழுதுங்கள். அன்றைக்கே காட்டுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அவர் சொன்னால், அதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள்.