கதிரைக் கணக்கு

2022 ஜூன் மாதம். நாட்டில் டீசல் இல்லை. காஸ் இல்லை. பால்மா இல்லை. எங்கள் ஊர் எரிபொருள் நிலையத்தில் முச்சக்கர வண்டிகள் இரவு பகலாக வரிசையில் கிடந்தன. சாரதிமார் அதற்குள்ளேயே காலை மடக்கித் தூங்கினார்கள். மின்வெட்டுக்கு அட்டவணை வந்தது. அந்த அட்டவணையைப் பார்த்துத்தான் உலையில் அரிசி போட்டோம்.

அதே மாதம் 11, 14, 16 ஆகிய மூன்று இரவுகளில் மலைக்கு அந்தப் பக்கம் வானம் வெளுத்துக் கிடந்தது. வத்தேகமவுக்கு மேலே உள்ள தோட்டத்தில் நின்று பார்த்தால், இருட்டுக்கு நடுவில் யாரோ பகலை ஒரு துண்டு வெட்டி வைத்த மாதிரி இருந்தது. பல்லேகலை மைதானம். அவுஸ்திரேலியாவுடன் கிரிக்கெட். லயத்துக் காம்பராவில் பிள்ளை மெழுகுதிரியில் பாடம் படித்தது. மெழுகுதிரியும் விலை ஏறியிருந்தது.

நானும் பார்த்தேன். பொய் சொல்லவில்லை. சார்ஜ் தீரப்போகும் கைபேசியில், 11ஆம் திகதி தசுன் ஷானகவின் விளாசலில் நம் அணி கடைசி மூன்று ஓவரில் 59 ஓட்டங்களை எடுத்துத் தள்ளியதைப் பார்த்துக் கத்தினேன். பக்கத்துக் காம்பராவும் கத்தியது. சந்தோஷம் இலவசம். வெளிச்சம் இலவசமில்லை. மைதானத்தில் ஓடுவது ஜெனரேட்டர்தானே, ஊர் மின்சாரத்தையா எடுக்கிறார்கள் என்று சமாதானம் சொன்னவர்களும் உண்டு. ஜெனரேட்டர் என்ன, பிரித் நூல் கட்டினால் ஓடுமா?

அந்த மைதானத்தில் 35,000 பேர் இருக்கலாம். வத்தேகம நகரசபை எல்லைக்குள் உள்ள அத்தனை பேரையும், தொட்டில் குழந்தை உட்பட, லொறியில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கினாலும் பாதிகூட நிரம்பாது. 2011 உலகக் கிண்ணத்துக்காக அவசரமாகக் கட்டியது. 2009இல் திறந்தார்கள். 2010 டிசம்பரில் முதல் டெஸ்ட், மேற்கிந்தியத் தீவுகளுடன். மழை வந்து டெஸ்டைக் குடித்துவிட்டுப் போனது. 2023 செப்டம்பரில் ஆசியக் கிண்ணம், இந்தியாவும் பாகிஸ்தானும். இரண்டு நாடும் உலகமும் கண் கொட்டாமல் காத்திருந்த ஆட்டம். அதையும் மழை குடித்தது. கண்டியில் மழை பெய்யும் என்பது எங்கள் ஊர் ஆட்டுக்குட்டிக்குத் தெரியும். மைதானம் போட்டவர்களுக்குத் தெரியவில்லை.

உலகக் கிண்ணம் முடிந்ததும் கடன் மிஞ்சியது. மைதானங்களைக் கட்டிய செலவில் கிரிக்கெட் சபை மூச்சுத் திணறி, உலகக் கிண்ணத்தின் இறுதிவரை போய் வந்த வீரர்களுக்கே மாதக்கணக்கில் சம்பளம் கொடுக்க முடியாமல் நின்றது. விளையாட இடம் கட்டினார்கள். விளையாடியவனுக்குக் கூலி இல்லை. தோட்டத்தில் பிறந்த எங்களுக்கு இந்தக் கதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறது.

இன்னொன்று. 2010 ஜூலையில், முரளி 800ஆவது விக்கெட்டை எடுத்த அதே மாதம், மத்திய மாகாண சபை இந்த மைதானத்துக்கு முத்தையா முரளிதரன் பெயரை வைப்பதென்று முடிவெடுத்தது. கைதட்டினோம். பக்கத்துக் குண்டசாலைப் பிள்ளை அல்லவா. இன்றைக்கும் தொலைக்காட்சியில் பாருங்கள், பல்லேகலை என்றுதான் போடுகிறார்கள். தீர்மானம் எந்த அலுமாரியில் தூங்குகிறதோ. ராஜபக்ச பெயர் வைத்த இடங்களுக்கு இந்தச் சிக்கல் வந்ததே இல்லை. துறைமுகம், விமான நிலையம், மைதானம், மாநாட்டு மண்டபம், அரங்கு எல்லாவற்றிலும் பெயர் பளிச்சென்று ஏறியது. சுவர் காய்வதற்கு முன்பே ஏறியது.

அரங்கு என்றதும் கொழும்புத் தாமரைத் தடாகம் ஞாபகம் வருகிறது. நெலும் பொக்குண. 2011 டிசம்பர் 15 திறப்புவிழா. பொலன்னறுவையில் பராக்கிரமபாகு காலத்துக் கல் தடாகம் ஒன்று உண்டு; தாமரை இதழ் இதழாக விரியும் சின்னக் குளம். அதைப் பார்த்து வடிவமைத்தார்களாம். மொத்தச் செலவு 308 கோடி ரூபாய் என்று சொன்னார்கள். பெரும்பகுதி சீனா கொடுத்தது. மண்டபத்தில் 1,288 கதிரை. இனிக் கணக்குப் போடுங்கள். நான் போட்டேன். கடதாசியில் போட்டேன், கைபேசியில் போட்டேன், நம்பமுடியாமல் பத்தாம் வகுப்புப் படிக்கும் மருமகளிடம் கொடுத்துப் போடச் சொன்னேன். ஒரு கதிரை 24 இலட்சம் ரூபாய்.

அந்த ஆண்டு தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம், எல்லாக் கொடுப்பனவும் சேர்த்து, 515 ரூபாய். வருடம் 300 நாள் வேலை கிடைத்தால், கிடைத்தால், ஒரு கதிரையின் விலையைச் சம்பாதிக்கப் பதினைந்தரை வருடம் கொழுந்து பறிக்கவேண்டும். சோறு சாப்பிடாமல். அப்படிச் சம்பாதித்தாலும் அந்தக் கதிரையில் உட்கார டிக்கெட் தனி.

சீனா சும்மா கொடுத்தது, உங்களுக்கென்ன வலி என்று கேட்கலாம். யானையைச் சும்மா கொடுத்தாலும் தீனி நாம்தான் போடவேண்டும். கண்டிக்காரனிடம் யானைத் தீனி பற்றிப் பேசவேண்டாம்.

அந்த அரங்கு வந்ததும் அதன் முன்னால் ஓடும் வீதிக்கு நெலும் பொக்குண மாவத்தை என்று பெயர் மாற்றினார்கள். அதற்கு முன்பு என்ன பெயர் தெரியுமா? ஆனந்த குமாரசுவாமி மாவத்தை. கண்டி மலையெல்லாம் அலைந்து, கண்டிக் கொல்லரையும் தச்சரையும் சித்திரக்காரரையும் பார்த்து எழுதி, 1908இல் சிங்களக் கலை பற்றிய பெரும் நூலை வெளியிட்ட தமிழர். கலைக்கு மாளிகை கட்டினார்கள். கலையைப் பற்றி எழுதியவரை வீதியிலிருந்து இறக்கினார்கள்.

தாமரை மோகம் அதோடு விடவில்லை. தாமரைக் கோபுரம் என்று கொழும்பில் 350 மீட்டருக்கு மேல் ஒரு தாமரையை வானத்துக்கு அனுப்பினார்கள். 2012இல் தொடங்கி, 2019 செப்டம்பரில் ஜனாதிபதி திறந்துவைத்து, அதன்பிறகு மூன்று வருடம் பூட்டிவைத்து, 2022 செப்டம்பரில் சனங்களை உள்ளே விட்டார்கள். திறப்பு என்பது ரிப்பனுக்கு. கதவுக்கு அல்ல. மத்தல விமான நிலையத்தில் விமானத்துக்குப் பதில் நெல் மூட்டை இறங்கியதை நீங்களே பத்திரிகையில் படித்திருப்பீர்கள், விடுங்கள். அந்த நெல்லாவது யாரோ சாப்பிட்டிருப்பார்கள்.

நம்மவர் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? யாழ்ப்பாணத்தில் இந்தியா கட்டிக்கொடுத்த கலாசார மையத்துக்கு 2015இல் மோடி அடிக்கல் வைத்தார். 2023 பெப்ரவரியில்தான் மக்களுக்குக் கையளித்தார்கள். கட்டிடம் நிமிர்ந்து நின்ற பிறகும், இதைப் பராமரிக்கக் காசு எங்கே என்று மாநகரசபை கையைப் பிசைந்தது. 2025 ஜனவரியில் திருவள்ளுவர் பெயர் வைத்தார்கள். வைத்த வேகத்தில் யாழ்ப்பாணம் என்ற சொல் காணாமல் போனது. சத்தம் போட்ட பிறகு திரும்பி வந்தது. ஒன்றே முக்கால் அடியில் உலகத்தை அடக்கியவருக்குப் பெயர்ப்பலகை அடங்கவில்லை.

முற்றவெளியில் 2024 பெப்ரவரியில் ஹரிஹரன் பாட வந்தார். முன்னால் பணம் கொடுத்தவர், பின்னால் இலவசக்காரர், நடுவில் தடுப்பு. பின்னால் நின்றவருக்கு மேடை தீப்பெட்டி அளவில் தெரிந்தது. தடுப்பு உடைந்தது. பாட்டு நின்றது. மறுநாள் எல்லாரும் யாழ்ப்பாணத்தாரின் ஒழுக்கம் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். தடுப்பை எங்கே போடுவது என்று யோசித்தவரின் ஒழுக்கம் பற்றி ஒரு வரி இல்லை. அதற்கு முந்தைய செப்டம்பரில் சென்னைப் பனையூரில், ரஹ்மான் நிகழ்ச்சிக்கு டிக்கெட் கையில் வைத்திருந்தவர்களே வாசலில் நின்று அழுதார்கள். இடத்தின் அளவு ஒன்று. விற்ற டிக்கெட்டின் அளவு இன்னொன்று. நடுவில் பிதுங்கியது சனம்.

இந்த நோய் புதிதுமல்ல. எங்கள் கண்டிக்கு வாருங்கள். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் வயலை மறித்துக் குளம் கட்டத் தொடங்கினான். சனங்களைப் பிடித்து வேலை வாங்கினான். மறுத்தவர்களைக் குளத்து மண்ணிலேயே கழுவேற்றினான் என்று இன்றைக்கும் சொல்வார்கள். குளத்தைச் சுற்றி மேகம் மாதிரி வளைந்து வளைந்து போகும் சுவர். அந்தச் சுவரை அவன் முடிக்கவேயில்லை. 1815இல் ஆங்கிலேயன் பிடித்து, பிறகு வேலூருக்கு அனுப்பிவிட்டான். அங்கேயே செத்தான். ஒரு திருத்தம் மட்டும் சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் அழகுபடுத்தியவன் வேலூர் போனான். இந்தக் காலத்தில் அழகுபடுத்தியவர் அடுத்த தேர்தலில் திரும்பி வருகிறார்.

சரி, அரங்கே வேண்டாம் என்கிறாயா என்பீர்கள். பேராதனைக்குப் போய்ப் பாருங்கள். பல்கலைக்கழகத்துக்குள் ஒரு பள்ளம். பெயரே பள்ளம்தான், சிங்களத்தில் ‘வல’ என்பார்கள். சரிவில் புல் படி. மேலே மரம். கீழே மேடை. 1961இல் எதிரிவீர சரச்சந்திரவின் சிங்கபாகு அங்கேதான் ஆடியது. சிங்கள நாடகத்தின் உச்சம் என்று இன்றைக்கும் கொண்டாடுகிறார்கள். அவர் கையில் எடுத்த ‘நாடகம’ எனும் சிங்கள வடிவமோ நம் கூத்திலிருந்து போனது. அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வித்தியானந்தன் 1962இல் கர்ணன் போரையும் 1964இல் இராவணேசனையும் மாணவர்களை வைத்து ஆட்டினார். தாமரை இல்லை, கோபுரம் இல்லை. மலை தானாகச் சரிந்திருந்தது. சரிவைப் பார்த்து மேடை போட்டார்கள். மழை வந்தால் எழும்பி மரத்தடியில் நிற்பார்கள். விட்டதும் வந்து உட்காருவார்கள். இப்படி ஒரு வடிவமைப்பில் கொமிஷன் அடிக்க வழியில்லை. அதனால்தான் இரண்டாவது ‘வல’ வரவில்லை.

மட்டக்களப்பில் வட்டக்களரி என்று ஒன்று உண்டு. வட்டமாக மண்ணை உயர்த்தி, கம்பு நட்டு, விளக்குக் கட்டினால் முடிந்தது. நாலு பக்கமும் சனம். அண்ணாவியாரின் குரல் எட்டும் தூரம்தான் அதன் அளவு. குரல் எட்டாத இடத்தில் சனத்தை உட்கார வைப்பது மரியாதையில்லை என்று படிக்காதவருக்குத் தெரிந்திருக்கிறது.

எங்கள் தோட்டத்தில் காமன் பொட்டல் இருக்கிறது. மாசி மாதம் கம்பம் ஊன்றி, ரதியும் மன்மதனும் லயம் லயமாக ஆடி, கடைசி இரவில் காமன் எரிகிற இடம். லயத்துக்கும் கோயிலுக்கும் நடுவில் ஒரு துண்டுத் தரை. நிலம் தோட்டத்துக்குச் சொந்தம். துரையிடம் கேட்டுத்தான் ஆடவேண்டும். வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சுவார்கள். சூடு ஏற ஏற சத்தம் மாறும். தப்புக்காரத் தாத்தா ஒரு விரலால் தட்டிப் பார்த்துத் தலையாட்டினால்தான் ஆட்டம் தொடங்கும். பெண்கள் சாக்கை விரித்து உட்காருவார்கள். கேனில் சூடான பிளேன் டீ. ஒரு பிள்ளை ரதி அழுவதைப் பார்த்துத் தானும் அழுதுவிட்டு அப்படியே அம்மாவின் மடியில் தூங்கிப்போகும். வெளிச்சம் ஒரே ஒரு பல்பு. கோயிலிலிருந்து வயர் இழுத்துக் கட்டியது. காற்று அடித்தால் மன்மதனின் நிழல் லயத்துக் கூரையில் ஏறி இறங்கும்.

அந்தப் பொட்டலுக்கு ஒரு மின்கம்பம் கேட்டு மனுக் கொடுத்தோம். எந்த அலுவலகம் என்று சொல்லவில்லை. எல்லா அலுவலகமும் ஒன்றுதான். ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது, சிங்களத்தில். வத்தேகமத் தமிழனுக்குச் சிங்களம் தண்ணி பட்ட பாடு. மொழி விளங்காமல் கோபம் வரவில்லை. விளங்கியதால்தான் வந்தது. அந்த இடத்துக்கு மின்கம்பம் போடுவதால் பயன்பெறுவோர் தொகை போதாதாம்.

35,000 பேருக்கு மைதானம் கட்டும்போது அந்தக் கேள்வியை யாராவது கேட்டார்களா?

பிறகு தேர்தல் வந்தது. வேட்பாளர் ஒருவர் பொட்டலுக்கே வந்தார். அவருக்கு முன்பே ஒரு லொறி வந்து நூறு பிளாஸ்டிக் கதிரைகளை இறக்கியது. முதல்முறையாக எங்கள் சனம் பொட்டலில் கதிரை போட்டு உட்கார்ந்தது. ஐயா பொட்டலைச் சுற்றிப் பார்த்தார். கலைக்கு மரியாதை செய்வது தன் பரம்பரை வழக்கம் என்றார். இதே இடத்தில் நவீன திறந்தவெளி அரங்கு எழும் என்றார். ஆயிரம் பேர் இருக்கலாம் என்றார். படம்கூட வைத்திருந்தார், பெரிய தட்டியில், வண்ணத்தில். படத்தில் மழை பெய்யவில்லை. தப்பு அடிக்கிறவர் இல்லை. லயத்தையும் காணவில்லை. லயம் நின்ற இடத்தில் கார் நிறுத்துமிடம்.

கைதட்டினோம். அவர் போனார். பின்னாலேயே பையன்கள் கதிரைகளைப் பத்துப் பத்தாக அடுக்கி லொறியில் ஏற்றினார்கள். எண்ணித்தான் ஏற்றினார்கள். தொண்ணூற்றொன்பது. திரும்ப எண்ணினார்கள். தொண்ணூற்றொன்பதுதான். லயம் லயமாகத் தேடினார்கள், காம்பராவுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார்கள், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள்.

கடைசியில் கோயிலுக்குப் பின்னால் கண்டுபிடித்தார்கள். தப்புக்காரத் தாத்தா அதில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிவிட்டு, எடுத்துக்கொண்டு போனார்கள்.