துரோகத்துக்கு அளவுகோல்

கேள்வி: ஜி.டி.ஏ. சான் ஆண்ட்ரியாஸ் வீடியோ விளையாட்டில் வரும் பிக் ஸ்மோக் துரோகியா, போலீஸ் மிரட்டலுக்குப் பணிந்த அப்பாவியா?
– வாசகர், சூலூர்

பதில்: துரோகிதான்; தன் கும்பலையே எதிரிகளுக்கு விற்றவர். எதிரிக் கும்பலின் காரைத் துரத்தும்போது கூட்டாளிகள் சுட்டுத் தள்ள, ஸ்மோக் மட்டும் கண்ணும் கருத்துமாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். சிரித்துவிட்டு விட்டுவிடுகிறோம். பிறகு எதிரிகளின் பேட்டையிலேயே வீடு வாங்கிவிட்டு, அத்தை விட்டுப்போன பணம் என்கிறார். அந்த அத்தையை நாம் கடைசிவரை பார்ப்பதே இல்லை! ‘டென்பென்னி என்ற போலீஸ்காரன் மிரட்டினானே?’ என்பீர்கள். அவன் நாயகன் சிஜேயையும்தான் மிரட்டினான். சிஜே வேண்டாவெறுப்பாகப் பாதகங்கள் செய்தான். தன் அண்ணனை மட்டும் விற்கவில்லை. மிரட்டலுக்குப் பணிந்தவன் உயிர் பிழைக்கப் பார்ப்பான், போதைமருந்துக் கோட்டை கட்டி அதில் ராஜாவாக உட்கார மாட்டான்.

‘நம்பவைத்து ஏமாற்றுகிறவர்கள் எல்லாருமே துரோகிகளா?’ என்றால், இல்லை. அந்த விளையாட்டு வெளியான அதே 2004 அக்டோபரில், 18ஆம் தேதி, தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே சந்தனக் கடத்தல் வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டார். கண் சிகிச்சைக்கென அவரை ஏற்றிவந்த ஆம்புலன்ஸை ஓட்டியவர் மாறுவேடத்தில் இருந்த காவலர் என்கிறது அதிரடிப்படை. அவர் வீரப்பனை ஏமாற்றினார். ஆனால், அவர் உறுதிமொழி எடுத்துக்கொண்டது காக்கிக்கு. ஸ்மோக் கடன்பட்டிருந்ததோ தன் கும்பலான குரோவ் தெருவுக்கு. யாரை ஏமாற்றினார் என்பதைவிட, யாருக்குக் கட்டுப்பட்டவர் என்று பாருங்கள். ஸ்மோக் கட்டுப்பட்டது பணத்துக்கும் பசிக்கும் மட்டும்தான். பசிக்காவது கடைசிவரை விசுவாசமாக இருந்தார்!