கொடைக்கானலுக்கு முதுகு, அமெரிக்காவுக்கு முகம்

சன்னிவேல், கலிபோர்னியா.

அன்புள்ள மாமாவுக்கு,

"அமெரிக்கா நம்ம வீட்டுக்கு எந்தத் திசை மாப்ளே, எவ்வளவு தூரம்?" என்று போனில் கேட்டீர்கள். வாயால் சொன்னால் நம்பமாட்டீர்கள், எழுதியே தருகிறேன்.

பழனியில் நம் வீட்டு வாசலில் கொடைக்கானல் மலைக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். கிட்டத்தட்ட நேர் எதிரே நாங்கள்தான். கிழக்குமில்லை, மேற்குமில்லை, வடக்கு! சந்தேகமிருந்தால் ஒரு பூசணிக்காயில் பெங்களூரையும் சான்பிரான்சிஸ்கோவையும் குறித்து நூல் பிடித்துப் பாருங்கள். குறுக்குவழி வடதுருவத்தின் பக்கமாகத்தான் போகும். 2021 ஜனவரி 9, சனிக்கிழமை இரவு, ஏர் இந்தியா விமானம் ஒன்று இங்கிருந்து அந்த வழியாக எங்கும் நிற்காமல் பெங்களூருக்குப் பறந்தது. ஓட்டியவர்கள் நான்கு பெண்கள். சுமார் 14,000 கிலோமீட்டர், ஏறத்தாழ 17 மணி நேரம். இறங்கியது திங்கள் அதிகாலை. கறிக்குழம்பு வைக்கிற ஞாயிற்றுக்கிழமை முழுசாக ஆகாயத்தில் போயிற்று! வடக்கே தலைவைத்துப் படுக்கவே விடாத அத்தையிடம், துருவத்துக்கு மேலேயே படுத்துத் தூங்கும் விஷயத்தைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

இப்படித் தொலைந்த ஞாயிறு, எதிர்த்திசையில் வந்தால் திரும்பக் கிடைத்துவிடும். பெங்களூரில் மதியம் கிளம்பி எங்கும் நிற்காமல் வரும் விமானம் கிடைத்தால், 16 மணி நேரம் பறந்தபிறகும், இங்கே அன்று மாலைதான். குளிர்காலத்தில் நம் கடிகாரம் பதின்மூன்றரை மணி நேரம் முந்தி ஓடுவதன் கைங்கரியம் அது. காலண்டர்படி பார்த்தால் பழனி - மதுரை பஸ்ஸும் இந்த விமானமும் ஒன்றுதான். உடம்புதான் காலண்டர் பார்ப்பதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு இட்லி கேட்கும்.

டிக்கெட்டில் போடாத தூரமும் உண்டு. பெங்களூர் வரை ராத்திரி பஸ், மூன்று மணி நேரம் முன்னாலேயே விமான நிலையம், இங்கே இறங்கியதும் இமிகிரேஷன் வரிசை. தைப்பூசக் கூட்டத்தில் மலையேறியவருக்கு இதெல்லாம் தூசு.

இந்தப் பாடெல்லாம் நம் பழனி மலைமேல் இருக்கும் முருகனுக்குத் தெரியும், பழத்துக்காக உலகையே சுற்றியவராயிற்றே. பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் போகும் விமானமே ஒரு சுற்றுக்கு 44 மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். மயிலில் அத்தனையும் சுற்றி வந்தவருக்குப் பழமில்லை. அம்மையப்பனைச் சுற்றிவிட்டு உட்கார்ந்த அண்ணனுக்குப் பழம். குறுக்குவழி கண்டுபிடிப்பவர்களுக்கெல்லாம் பிள்ளையார்தான் ஆதிகுரு. ஆனாலும் நான் முருகன் கட்சி. பழம் போனால் போகிறது, உலகத்தைப் பார்த்தவர் அவர்தானே?

நீங்களும் அடிவாரத்தையே சுற்றிக்கொண்டிருந்தது போதும், ஒருமுறை மயிலேறுங்கள். இங்கே கான்கார்டிலும் முருகன் கோயில் இருக்கிறது, தைப்பூசத்துக்கு நடந்தே போகிறவர்களும் இருக்கிறார்கள். சாக்குச் சொல்ல வழியில்லை.

அத்தைக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: பஞ்சாமிர்த டப்பாவைக் கைப்பையில் வைக்காதீர்கள். 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்பார்கள். பஞ்சாமிர்தம் திரவமா, திடமா என்று சோதனைக்காரரோடு நீங்கள் வாதாட ஆரம்பித்தால், விமானம் துருவத்தைத் தாண்டியிருக்கும்.