மஞ்சள் குளிசைக்குப் பெயர் கிடையாது

டொக்டர் மருந்து எழுதும்போது, "கவனம், இந்தக் குளிசை அந்தக் குளிசையோடு சேராது" என்று குறுக்கே விழுந்து தடுக்கும் கொம்பியூட்டர் வேண்டுமாம். மேடைக்கு மேடை டிஜிட்டல் சுகாதாரம். வரட்டும். வந்திறங்கியதும் அதை நேரே இரத்மலானைக்கு, காலி வீதியோரத்துத் தனியார் டிஸ்பென்சரி ஒன்றுக்குக் கூட்டிப்போங்கள்.

அங்கே ஆளுக்கு இரண்டு நிமிடம். மருந்தும் அங்கேயே, சின்னக் கடதாசி உறையில். உறையில் "காலை 1, இரவு 1" என்று மட்டும் கிறுக்கியிருக்கும். உள்ளே மஞ்சள் குளிசை, வெள்ளைக் குளிசை, பாதியாக உடைத்த ரோஸ் குளிசை. பெயர் கேட்டால், "ஏன், நீங்கள் டொக்டரோ?" இருதயக் கிளினிக்கில் இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் எடுக்கும் அம்மா ஒருவர் முழங்கால் வலிக்கு இங்கே வருகிறார். கிளினிக் கொப்பி வீட்டு அலுமாரிக்குள். மஞ்சள் குளிசை டைக்ளோஃபெனாக் என்றால் வயிற்றுக்குள் இரத்தம் கசியலாம். வார்டில் கேட்பார்கள்:

"என்ன மருந்து எடுத்தனீங்கள், அம்மா?"

"மஞ்சள், டொக்டர்."

தட்டுங்கள் ஐயா, உங்கள் மென்பொருளில். மஞ்சளும் வார்ஃபரினும் சேருமா என்று பார்ப்போம்.

இதே இரத்மலானையில், கந்தவளையில், ஜப்பான் உதவியோடு 1987இல் தொடங்கிய அரசாங்க மருந்துத் தொழிற்சாலை இருக்கிறது. அங்கிருந்து வெளியே போகும் அட்டையில் மருந்தின் பெயர் இருக்கிறது. மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே மல்லுக்கட்டியதும் அந்தப் பெயருக்காகத்தான். கம்பனிப் பெயரை விடு, மருந்தின் பெயரை எழுது என்றார். 1971இல் அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தை நிறுவி, உலகச் சந்தையில் மொத்தமாக விலை கேட்டார். ஆஸ்பத்திரிகளுக்கான மருந்துக் கையேட்டை அதற்கும் முன்பே தொகுத்துக் கொடுத்தவர். கொம்பியூட்டர் இல்லாத காலத்தில் டொக்டருக்குப் புத்தி சொன்னது அந்தப் புத்தகம். பிறகு அரை நூற்றாண்டு, உறையில் பெயர் எழுத நமக்கு நேரம் கிடைக்கவில்லை!

கொம்பியூட்டரை நாங்கள் வைத்துக் காப்பாற்றிய அழகு வேறு. 2021 ஜூலையில் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் தரவுகள் அரசாங்கக் கிளவுட்டிலிருந்து அழிந்துபோயின. மருந்துப் பதிவு விவரங்கள் ஐயா, யாருடைய கலியாண அல்பமும் அல்ல. சீ.ஐ.டி. வந்தது, நீதிமன்றம் வந்தது, அறிக்கைகள் வந்தன. நோயாளி வழமைபோல வரிசையில் நின்றார்.

சரி, தரவும் இருக்கிறது, பெயரும் இருக்கிறது என்று வையுங்கள். குப்பிக்குள் இருப்பது என்ன? இம்யூனோகுளோபுலின் என்று லேபல் ஒட்டி, தரமற்ற சரக்கை ஆஸ்பத்திரிக்கு வாங்கிய விவகாரத்தில், சுகாதார அமைச்சராக இருந்த கெஹெலிய ரம்புக்வெல 2024 பெப்ரவரி 2ஆம் திகதி கைதானார். குற்றவாளியா இல்லையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் அந்தக் குப்பியின் பெயரைத் தட்டியிருந்தால் உலகின் எந்தக் கொம்பியூட்டரும் "ஏற்றலாம்" என்றுதான் சொல்லியிருக்கும். அதற்கு லேபலைத்தான் வாசிக்கத் தெரியும், டெண்டர் கோப்பை அல்ல.

அமெரிக்காவில் எல்லாம் ஒழுங்கு என்பவர்களுக்கு ஒரு செய்தி. பிராக்டிஸ் ஃபியூஷன் என்ற மென்பொருள் கம்பனி, ஓபியாய்ட் வலிமருந்து விற்பவரிடம் ஏறத்தாழ 10 லட்சம் டொலர் வாங்கிக்கொண்டு, டொக்டரின் திரையில் அந்த வகை மருந்துப் பக்கம் தள்ளிவிடும் அறிவிப்புகளை வைத்தது. 2020இல் அகப்பட்டு 14.5 கோடி டொலர் கட்ட ஒப்புக்கொண்டது. நம் ஊரில் அவ்வளவு செலவு ஏன்? வாசலில் பையோடு நிற்கும் மருந்துக் கம்பனி ரெப் கலண்டரும் சாப்பாடும் வெளிநாட்டு மாநாட்டு டிக்கெட்டும் வைத்தே காரியத்தை முடிப்பார்.

கொம்பியூட்டர் வேண்டாம் என்று யார் சொன்னது? பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவருக்கு அமொக்சிசிலின் எழுதும் கையை அது தடுக்கும். வாரம் ஒரு தடவை விழுங்க வேண்டிய மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் என்று எழுதினால் கத்தும். ஓயாமல் கத்தினால் டொக்டர்மார் பார்க்காமலே தட்டிவிடுவார்கள் என்பதும் வெளிநாடுகளில் கண்ட பாடம். ஆனால் அது கத்துவதற்கே முதலில் ஒரு பெயர் வேண்டும். உறையில் மருந்தின் பெயரை எழுத ஆகும் செலவு ஒரு போல்பொயின்ற் பேனை. அதையும் ரெப் சும்மாவே தருகிறார். டெண்டர் போட வழியில்லை, கமிஷன் இல்லை, நாடா வெட்ட அமைச்சரும் தேவையில்லை. பிறகு எப்படி ஐயா நடக்கும்?