சலித்தெடுத்த கடிதங்கள்

போடியில் ஏலக்காயைச் சல்லடையில் சலித்து, எட்டு மில்லிமீட்டருக்கு மேல் நிற்கிற காய்க்குத் தனி விலை வைப்பார்கள். ‘ஹே’ என்ற அமெரிக்க மின்னஞ்சல் சேவை 2020-இல் இதே வேலையைக் கடிதங்களுக்குத் தொடங்கியது. முதன்முறை எழுதுகிறவர் யாராயினும் வாசலில் நிற்க வேண்டும். நாம் ‘சரி’ என்றால்தான் உள்ளே. சலிப்பதும் நாமே, கூலி கொடுப்பதும் நாமே: ஆண்டுக்கு 99 டாலர். கிலோ 2,500 ரூபாய்க்கு ஏலம் போனால், மூன்று கிலோ காய்க்கு மேல். இரண்டு மூன்று எழுத்தில் முகவரி கேட்டால் இன்னும் எகிறும்.

ஜிமெயில் காசு கேட்பதில்லை. 2017 வரை விளம்பரத்துக்காக நம் கடிதங்களை மேய்ந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். சுவிட்சர்லாந்தின் புரோட்டான் மெயில் கடிதத்தைப் பூட்டி அனுப்புகிறது. இங்கே போடியில் எந்த ரகசியத்தைப் பூட்டுவது? ஏலக்காய் லாட் விலைதான் மின்னணு ஏலத்தில் எல்லார் திரையிலும் ஓடுகிறதே! தமிழ்நாட்டு ஜோஹோ இலவசத் திட்டத்தில்கூட விளம்பரம் போடுவதில்லை. 2025 அக்டோபரில் அமித் ஷாவே அதற்கு மாறினார். போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் போனால் நான்கும் ஒரே தரம்.

இவ்வளவையும் ஒரு காய் வியாபாரியிடம் விளக்கிவிட்டு, “அண்ணே, நீங்க எந்த மெயில்?” என்றேன். அவர் கையில் வாட்ஸ்அப்; லாட் போட்டோ, பில், பேரம் எல்லாம் அதில்தான்.

“ஜிஎஸ்டிக்காக ஆடிட்டர் ஒண்ணு ஆரம்பிச்சுக் கொடுத்தாரு தம்பி. பாஸ்வேர்டு அவர்கிட்டதான் இருக்கு.”